இடித்த வீட்டுக் குப்பையை எங்கே கொட்டுவது?



மகள் கல்யாணத்துக்குள் ஓர் அறை சேர்க்கிறீர்கள். அல்லது பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடுகிறீர்கள். 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் மூலம் குடிசையை எடுத்துவிட்டு வீடு கட்டியவர்களும் உண்டு. எல்லாம் நல்ல காரியந்தான். இடித்த மண்ணும் உடைந்த சீட்டும் எங்கே போகின்றன? பெரும்பாலும் ஏரிக்கரைக்கும் ஓடைக்கும். "ராத்திரியில கொட்டிட்டா யாருக்குத் தெரியும்?" என்பார்கள். ஓடை அடைத்து, மழைத் தண்ணீர் வயலுக்குள் திரும்பினால் ஊருக்கே தெரியும்!

தூய்மைக் காவலரின் வண்டி வீட்டுக் குப்பைக்குத்தான். இடிபாடு அதில் ஏறாது. ஆகவே கடப்பாரையை எடுப்பதற்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் இடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேஸ்திரி கூலியோடு டிராக்டர் வாடகையையும் கணக்கில் சேருங்கள். முழு ஓடும் மரச்சட்டமும் விலை போகும். உடைந்த செங்கல், காரை தரையை மேடாக்க உதவும். மீதிதான் வண்டியேறும்.

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு இருக்கிறதா? இங்கே நிதானம் வேண்டும். அதை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். மூச்சோடு போய் நுரையீரலில் தங்கும். இருபது, முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். உடைத்தவருக்கு மட்டுமல்ல. கணவன் சட்டையில் ஒட்டிய தூசு, அதை உதறித் துவைக்கும் மனைவிக்கும் போகும். இப்படி நோய் கண்ட பெண்கள் பல நாடுகளில் உண்டு. ஆகவே சீட்டைத் தண்ணீர் விட்டு நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். சுத்தியல், கட்டர் வேண்டாம். உடைந்த துண்டுகளை ஈரத்தோடு கனத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, இன்ன பொருள் என்று சொல்லித் தனியாக ஒப்படையுங்கள். தரையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். வேலை செய்த துணியை உதறாமல் நனைத்து, தனியாக அலசுங்கள். கர்ப்பிணியும் குழந்தைகளும் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் தனியே வையுங்கள்.

கொல்லையில் "அப்புறம் பார்க்கலாம்" என்று போட்ட ஓட்டை டிரம், பழைய கக்கூஸ் பீங்கான் இவற்றில் மழைநீர் நின்றால், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசு பறக்கும். வண்டி வரும்வரை கவிழ்த்து வையுங்கள். ஆணி குத்தினால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி தேவையா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள்.