திண்ணைக்கு வந்த விருந்தாளி

ஐப்பசி அடைமழையில் நமது திண்ணையில் ஒதுங்கிய பூனைக்குட்டிக்கு இரக்கத்துடன் பசும்பால் வார்த்தோம். மறுநாள் காலை அது பேதியால் துவண்டு, சில்லிட்டுக் கிடந்தது. குழந்தைகள் கண்ணீர் வடித்தனர். மிருக வைத்தியரிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம்.

“பசும்பால் பல குட்டிகளுக்கு ஒவ்வாது. உடம்பு குளிர்ந்திருக்கையில் எந்த ஆகாரமும் ஜீரணமாகாது, முதலில் சூடேற்றுங்கள்” என்றார் அவர்.

துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்தோம். உஷ்ணம் பாரன்ஹீட்டில் 100 டிகிரியைத் தொட்ட பின்னரே, அவர் தந்த ஆகாரத்தைச் சிறிது சிறிதாக ஊட்டினோம். குட்டி பிழைத்தது.

நேயர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வாந்தியும் பேதியும் சேர்ந்தால் கொடிய தொற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரே நாளில் உயிர் போய்விடக்கூடும். தாமதம் ஆகாது. நாம் உண்ணும் பாரஸிடமால் மாத்திரை பூனைக்கு விஷம்.

ஜீவகாருண்யத்தைப் போற்றும் நம் நாட்டில் இரக்கத்துக்குக் குறைவில்லை. அதனுடன் அறிவும் சேரவேண்டும்.