வளைந்த சுவரும் அதன் மையப்புள்ளியும்

கட்டட வடிவமைப்பு மென்பொருளுக்கு வளைந்த சுவர் ஒரு வட்டத்தின் துண்டு. மையம், ஆரம், தொடங்கும் இடம், முடியும் இடம், உயரம், தடிமன் ஆகியவை தெரிந்தால் ரெவிட், ஆர்க்கிகேட் போன்றவை சுவரை எழுப்பிவிடும். ஆரம் எந்தக் கோட்டுக்கு உரியது என்பதை மட்டும் வரைபவர் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். 150 மி.மீ. சுவரில் நடுக்கோட்டுக்கும் வெளிமுகத்துக்கும் இடையே 75 மி.மீ. உண்டு. சைட்டில் இதை மாற்றிப் புரிந்துகொண்டால் சுவர் முழுவதும் இடம் தள்ளி நிற்கும்.

ஆரமும் மையமும் எவ்வளவு உதவும் என்பதற்குக் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நல்ல பாடம். சீசர் பெல்லி வடிவமைத்து 1998இல் முடிந்த இந்த 88 மாடிக் கோபுரங்களின் தளவரைபடம், 45 பாகை திருப்பி ஒன்றின்மேல் ஒன்று வைத்த இரு சதுரங்களில் தொடங்குகிறது. அதனால் உண்டாகும் எண்முனை நட்சத்திரத்தின் எட்டு உள்மூலைகளிலும் வில் வடிவப் பகுதிகள் சேர்க்கப்பட்டு, தளத்தின் பரப்பு கூட்டப்பட்டது. இத்தகைய வடிவத்தை இன்றைய மென்பொருளில் வரைபவர் ஒரு முனையையும் ஒரு வில்லையும் வரைந்து, கோபுரத்தின் மையத்தைச் சுற்றி எட்டு முறை திருப்பினால் போதும். கண்ணளவில் இழுத்த வளைகோடுகளுக்கு இந்த வசதி கிடையாது. அழகாகத் தெரிந்தாலும் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

சுவர் வளைந்தாலும் கதவும் சன்னலும் தட்டையானவை. 5 மீட்டர் ஆரமுள்ள சுவரில் 1.5 மீட்டர் அகலச் சன்னலை வைத்தால், நடுவில் சுவரின் வளைவு சட்டத்தைவிட 57 மி.மீ. முன்னே நிற்கும். 20 மீட்டர் ஆரத்தில் அது 14 மி.மீ. மட்டுமே, பூச்சு வேலையிலேயே சரிசெய்துவிடலாம். கண்ணாடித் திரைச்சுவரிலும் இதே நிலைதான். ரெவிட்டில் வளைந்த திரைச்சுவரை வரைந்ததும் அது ஒரே தட்டைப் பலகையாகத் தெரிவதைக் கண்டு புதியவர்கள் திகைப்பதுண்டு. செங்குத்துப் பிரிவுகளைச் சேர்க்கச் சேர்க்க, சிறு தட்டைப் பலகைகள் சேர்ந்து வளைவாகும்.

துன் ரசாக் சாலையிலுள்ள தாபோங் ஹாஜி கோபுரத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஹிஜாஸ் கஸ்தூரி வடிவமைத்த இக்கட்டடம் இடையில் ஒடுங்கி, மேலும் கீழும் விரிகிறது. சுவர் கிடைமட்டத்திலும் உயரவாக்கிலும் வளைவதால், வில்லை நேராக மேலே தூக்கும் சாதாரணச் சுவர்க் கருவி இதற்குப் போதாது. முதலில் முழு வடிவத்தையும் திண்மமாக உருவாக்கி, அதன் மேற்பரப்பில் சுவரைப் பொருத்துவதே வழி.

திரையில் வழவழப்பாகத் தெரியும் சுவர் செங்கல்லுக்கு வரும்போது மாறுகிறது. பழைய பிரிக்பீல்ட்ஸ் சூளையில் சுட்டதானாலும் இன்றையதானாலும், சாதாரணச் செங்கல்லின் பக்கங்கள் நேரானவை. வளைவைத் தாங்குவது சாந்து இணைப்புதான். உள்முக ஆரம் 3 மீட்டராக இருக்க, 215 மி.மீ. நீளமும் 102.5 மி.மீ. அகலமும் உள்ள கல்லை நீளவாக்கில் அடுக்கினால், உள்ளே 6 மி.மீ. இணைப்பு வெளியே ஏறத்தாழ 14 மி.மீ. ஆகும். அதைவிடச் சிறிய ஆரத்துக்குக் கல்லை அரையாக வெட்டி அடுக்குவது மேல். மென்பொருள் இதை எச்சரிக்காது. வரைபவரே கணக்கிட வேண்டும்.

சைட்டில் சிறிய வளைவுக்கு மையத்தில் முளையடித்து நாடாவைச் சுழற்றலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் குறுகிய மனைகளில் மையம் பக்கத்து வீட்டுக்குள் விழக்கூடும். அப்போது சுவரின் இரு முனைகளுக்கும் இடையே நூல் கட்டி, அதிலிருந்து வளைவின் தூரங்களை அளக்க வேண்டும். 20 மீட்டர் ஆரத்தில் 6 மீட்டர் நூலுக்கு நடுவில் 226 மி.மீ., கால் பங்குகளில் 170 மி.மீ. இந்த அளவுகளை மாதிரியிலிருந்தே எடுத்து, சுவரின் வரைபடத்தில் எழுதித் தர வேண்டும்.