சிமென்ட் பூச்சுக்குள் ஒளிந்திருக்கும் மூங்கில்!

கொலம்பியாவின் காப்பி மலைகளில் இருக்கிற சின்ன வீடுகளைப் பாருங்கள். வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, பளிச்சென்று வண்ணம் அடித்த கதவு. சிமென்ட் வீடு என்று சத்தியமே செய்வீர்கள்! பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தால், அடடா, உள்ளே செங்கல்லே கிடையாது. முதலில் கோழிவலைக் கம்பி, அதற்குப் பின்னால் பிளந்து தட்டையாக்கிய மூங்கில், அதற்கும் பின்னால் முழு மூங்கில் சட்டகம், நடுவில் வெறும் காற்று. இந்தச் சுவருக்கு பஹரேக்கே என்று பெயர். வாருங்கள், இது உருவாகும் இடத்துக்குப் பின்வாசல் வழியாகவே நுழைந்து பார்த்துவிடலாம்!

முதலில் ஓடைக்கரைக் காடு. இங்கே குவாதுவா என்ற மூங்கில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். சில மாதங்களிலேயே 20 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிடும். ஆனால் வெட்டுகிறவர் உயரத்தைப் பார்ப்பதில்லை, தோலைத்தான் பார்க்கிறார். தண்டு பச்சைப்பசேலென்று, கணுவில் வெள்ளை வளையம் மின்னினால் இளசு, தொடவே மாட்டார். உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகப் பாசி படர்ந்திருந்தால் நாலைந்து வயது முற்றிய மூங்கில், அதுதான் வேண்டும். கத்தி விழுவதும் கணுவை ஒட்டி மேலேதான். கிண்ணம்போல் பள்ளம் விட்டால் மழைநீர் தேங்கி அடிக்கிழங்கு அழுகிப் போகும். தேய்பிறையில், விடியுமுன் வெட்டுவது அந்த ஊர் வழக்கம். நம் பெரியவர்களும் மரம் வெட்டத் தேய்பிறை பார்த்தவர்கள்தானே!

வெட்டியதை அப்படியே சுவரில் வைத்துவிட முடியாது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்கு வண்டு ஓடி வரும், உளுத்துக் கொட்டும். அதனால் நீளக் கம்பியைச் செலுத்தி உள்ளே இருக்கும் கணுத் தடுப்புகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறக்கிறார்கள். பிறகு வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் பல நாள் ஊறல், அப்புறம் நிழலில் உலர்த்தல்.

அடுத்தது பட்டறை. எனக்கு உற்சாகம் தாங்காத இடம் இதுதான்! மூங்கில் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் ஆணி அடித்தால் சர்ரென்று பிளந்துகொள்ளும். எனவே ஒரு மூங்கிலின் நுனியை மீன் வாய்போல் வளைவாகக் குடைந்து இன்னொன்றின் முதுகில் கச்சிதமாக உட்காரவைக்கிறார்கள். துளையிட்டு போல்ட் முடுக்குகிறார்கள். போல்ட் போகும் அந்தக் குழலுக்குள் மட்டும் சிமென்ட் சாந்தை ஊற்றுகிறார்கள். குழாயாக இருந்த இடம் அங்கே மட்டும் கெட்டியான கல்லாகிவிடுகிறது! இந்த உத்தியை உலகுக்குக் காட்டியவர் கட்டடக் கலைஞர் சிமோன் வெலெஸ். 2000-ல் ஜெர்மனியின் ஹனோவர் உலகக் கண்காட்சிக்கு அவர் மூங்கில் அரங்கம் வடிவமைத்தார். மூங்கிலுக்கு அப்போது அங்கே கட்டட விதிமுறையே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரில் அதே அளவில் முழு அரங்கத்தையும் முதலில் கட்டி, சுமை ஏற்றிச் சோதித்துக் காட்டினார்கள்! ஒத்திகைக்காகக் கட்டிய அந்த அரங்கம் அதே ஊரில் நிலைத்துவிட்டது.

இத்தனை பாடு எதற்கு? 1999 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அர்மேனியா நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வலுவூட்டாத செங்கல் கட்டடங்கள் நொறுங்கின. நன்றாகப் பராமரித்த பஹரேக்கே வீடுகள் பல நின்றன. கட்டடம் எவ்வளவு கனமோ, நிலநடுக்கம் அதை அவ்வளவு பலமாக உலுக்கும். மூங்கில் சுவர் லேசானது. உலுக்கல் வரும்போது இணைப்புகள் கொஞ்சம் வளைந்து கொடுத்து அந்த வேகத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் அதே நாளில், ஈரத்தில் இற்றுப்போயிருந்த பழைய மூங்கில் வீடுகளும் விழுந்தன. இதை அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். மூங்கிலுக்கு நல்ல பூட்ஸும் நல்ல தொப்பியும் வேண்டும் என்பார்கள் அங்கே: கீழே தரையிலிருந்து உயர்த்திய கான்கிரீட் மேடை, மேலே அகலமாக நீண்ட கூரை இறக்கம். சிமென்ட் பூச்சின் முதல் வேலையும் மழையைத் தடுப்பதுதான்.

அந்த அழிவிலிருந்து பொறியாளர்கள் பாடம் எழுதினார்கள். ஏழைகளின் மரம் என்று ஒதுக்கப்பட்ட மூங்கிலைக் கொண்டு கட்டும் பஹரேக்கே, 2002-ல் நாட்டின் நிலநடுக்கக் கட்டட விதிகளுக்குள் நுழைந்தது. 2010-ல் வந்த புதிய விதிநூலில் குவாதுவாவுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அதன்படி இரண்டு மாடி வரை மூங்கிலிலேயே கட்டலாம். அது சட்டப்படி முழு வீடு, தற்காலிகக் குடிசை அல்ல.