போனவரும் போய் வந்தவரும்

இங்கிலீஷ் பாடப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தீராத பிரியம் உண்டு. தேசங்களையும் பிரயாணத்தையும் பற்றிய பாடம் என்றால், உடனே பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தின் படத்தைப் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் லண்டன் கடிகாரக் கோபுரம் நிற்கும். கீழே, "நீ எந்தெந்தத் தேசங்களுக்குப் போயிருக்கிறாய்? உன் தோழனுடன் சம்பாஷணை செய்" என்று ஒரு கட்டளை இருக்கும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் "நோ, ஐ ஹாவ் நாட்" என்பார்கள். சம்பாஷணை அத்துடன் தீர்ந்தது! பாக்கி நேரத்தைத் தலைநகரங்களின் பெயர்களை உருப்போடுவதில் கழிக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்தைப் போல் ஜனங்கள் வந்தும் போயும் இருக்கிற இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், ஆந்திர எல்லையை அடுத்து இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த வாலிபர்கள் உழைக்கிறார்கள். திருவள்ளூர் ஜில்லாவின் செங்கற் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து தங்குகின்றன. ஆகவே, நாம் பாரிஸுக்குப் போகும் வழியில் முதலில் நம் ஜில்லாவிலேயே சற்று நின்று போவது என்று வைத்துக் கொண்டோம்.

இங்கிலீஷில் "ஹீ ஹாஸ் பீன் டு துபாய்" என்பது வேறு. "ஹீ ஹாஸ் கான் டு துபாய்" என்பது வேறு. முன்னவர் போய்த் திரும்பி வந்தவர். பின்னவர் போனவர், இன்னும் திரும்பவில்லை. தமிழில் பேசும்போது இரண்டுக்கும் "துபாய்க்குப் போயிருக்கிறார்" என்றே சொல்லிவிடுகிறோம். ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கேட்கிறவர் ஊகித்துக் கொள்ள வேண்டும். ஆனால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாததல்ல. வாசற்படி இறங்கும்போது "போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பாட்டி சும்மா விடுவாளா? "போய் வருகிறேன் என்று சொல்லடா!" என்பாள். இலக்கணப் புத்தகம் அரைப் பக்கத்தில் விளக்குவதைப் பாட்டியின் அந்த ஒரு வாக்கியம் விளக்கிவிடுகிறது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விசாரித்து, யார் யார் போனவர், யார் யார் போய் வந்தவர் என்று எழுதி வரவேண்டும் என்றோம். மறுநாள் நோட்டுப் புத்தகங்களில் சிங்கப்பூர் மாமாவும், குவைத் சித்தப்பாவும், சூலூர்ப்பேட்டை அத்தையும் வந்து சேர்ந்தார்கள். சூலூர்ப்பேட்டை வேறு ராஜ்யமே தவிர வேறு தேசமல்ல என்பதில் பெரிய விவாதம் மூண்டது. விவாதம் இங்கிலீஷிலேயே நடந்தது என்பதுதான் நமக்குச் சந்தோஷம்.

அடுத்த பாடத்துக்குப் பழவேற்காட்டை எடுத்துக் கொண்டோம். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஒல்லாந்துக் கம்பெனியார் 1613-இல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இடிந்து போயிற்று. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக் கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தால் பயம் பாதி, குதூகலம் பாதி. சோழமண்டலக் கரையின் துணிகள் இங்கே கப்பலேறி, கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றுப் பண்டமாயின. நாம் இன்றும் புழங்கும் "துட்டு" ஒல்லாந்தரின் காசுப் பெயர்தான். நம் கட்டுமரமோ பதிலுக்கு இங்கிலீஷ் அகராதிக்குப் போய், "காட்டமரான்" என்று வேஷம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

துணி மட்டுமா கப்பலேறியது? பஞ்சத்திலும் யுத்தத்திலும் விற்கப்பட்ட மனிதர்களை, பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில், இதே துறையிலிருந்து படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றினார்கள். இவர்களைப் பற்றி எழுதும்போது "தே வென்ட்" என்று ஒரு பையன் எழுதினான். இன்னொருவன் எழுந்து, "ஸார், அவர்கள் எங்கே போனார்கள்? கொண்டுபோனார்கள் அல்லவா?" என்றான். கரும்பலகையில் "தே வேர் டேக்கன்" என்று எழுதினோம். செயப்பாட்டு வினைக்கு எத்தனையோ வருஷங்களாக நாம் சொல்லி வந்த உதாரணம், ராமனால் கொல்லப்பட்ட பாம்பு. அதை இனி எடுப்பதாக இல்லை.

இனிச் சொல்வது கொஞ்சம் கடினமான விஷயம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களுக்காகத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் ஏற்பட்டன. அவற்றில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. 2021-இல் சர்க்கார் அவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள். அங்கே வளரும் குழந்தைகள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். இலங்கையை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஆயினும், 1987 ஜூலை முதல் தேதி அல்லது அதன் பின் பிறந்தவர் இந்தியப் பிரஜையாக வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2004 டிசம்பர் முதல் நிபந்தனை இன்னும் இறுகியது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காள தேசம் ஆகிய மூன்றிலிருந்து வந்தவர்களைத்தான் கவனித்தது. இலங்கை அதில் சேரவில்லை. சுதந்திர இந்தியாவில் பிறந்து, இந்தியப் பள்ளியில் படித்து, தினமும் காலையில் தேசிய கீதம் பாடும் குழந்தைக்குத் தேசம் எது என்று கேட்டால் சட்டப் புத்தகம் திணறுவது நமக்குப் பெருமையளிக்கும் சமாசாரமல்ல.

இப்படிப்பட்ட குழந்தை உட்கார்ந்திருக்கும் வகுப்பில், "மே ஐ ஸீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?" என்ற விமான நிலையச் சம்பாஷணையை ஜோடி ஜோடியாக நடிக்கச் சொல்கிறது புத்தகம்! முகாமிலிருந்து வரும் ஒரு பெண் "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்ற கேள்விக்கு இரண்டு வரி எழுதினாள். "ஐ ஆம் ஃப்ரம் கும்மிடிப்பூண்டி. மை கிராண்ட்மதர் இஸ் ஃப்ரம் மன்னார்." இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. முழு மார்க்குப் போட்டோம்.

விமான நிலையச் சம்பாஷணையை நம் வகுப்பில் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாகக் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்து டிக்கெட் ஜன்னலை மேஜை நாற்காலிகளால் அமைத்துக் கொள்கிறோம். ஒரு பையன் உள்ளே உட்காருகிறான். வெளியே நிற்பவர்கள் எந்த ஊருக்கு, எதற்காக, எப்போது திரும்புவதாக உத்தேசம் என்பதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லித்தான் டிக்கெட் வாங்க வேண்டும். மூர் மார்க்கெட்டுக்கு இருபது பேர் கேட்டார்கள். ஒருவன் ஜகார்த்தாவுக்குக் கேட்டான். பழவேற்காட்டில் இறங்கிக் கப்பல் மாறும்படி உள்ளேயிருந்து உத்தரவாயிற்று. மன்னார்ப் பாட்டியின் பேத்தி மன்னாருக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள். "சிங்கிள் ஆர் ரிட்டர்ன்?" என்றான் உள்ளே இருந்தவன். அவள் சற்று யோசித்து, இரண்டும் ரிட்டர்ன் என்றாள்.