தூசியிற் பிறக்கும் மலர்கள்



குளிர்காலம் விடைபெற்று இளவேனில் எட்டிப் பார்க்கும் வேளையில், இலண்டன் மாநகரின் கியூ தாவரப் பூங்காவில் ஆண்டுதோறும் ஆர்க்கிட் மலர்க்காட்சி நடைபெறுகின்றது. என் மகன் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, பேரனுடன் அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வெளியே மரங்கள் இலையின்றி நின்றன. குளிர் கம்பளியையும் துளைத்தது. 1987ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வேல்ஸ் இளவரசி கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்ததும், வெப்பநாட்டுக் காட்டில் அடியெடுத்து வைத்தாற் போன்றிருந்தது. பாலைநிலம் முதல் மழைக்காடு வரை 10 வகைத் தட்பவெப்ப நிலைகளை அதனுள்ளே அமைத்திருக்கின்றனர்.

கிளைகளைப் பற்றிப் பூத்துத் தொங்கிய செடிகளைக் கண்ட பேரன், “தாத்தா, இவையும் புல்லுருவிகளா?” என்று வினவினான். நல்ல வினாவே! புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. மரத்தின்மேல் வாழும் ஆர்க்கிடோ, மரத்தை இருக்கையாக மட்டுமே கொள்கின்றது. அதன் வேரைப் போர்த்துள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை ஈர்த்துக்கொள்கின்றது.

“அப்படியானால், விதைத்தால் முளைக்குமா?” என்றான் அவன். நெல்மணிக்குள்ளும் அவரை விதைக்குள்ளும் முளைக்கு வேண்டிய உணவைத் தாய்ச்செடி சேமித்து வைக்கின்றது. ஆர்க்கிட் விதையிலோ அச்சேமிப்பு இல்லை. தூசியை ஒத்த அவ்விதைகள், சில இனங்களில், ஒரே காயில் 10 இலட்சத்திற்கும் மேல் உண்டு. எனினும், தக்க பூஞ்சணம் ஒன்று வந்து உணவூட்டினாலன்றி இயற்கையில் அவை வளர மாட்டா. இவ்வுண்மையை 1899இல் நோயெல் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார்.

விதையிலிருந்து வளர்த்தல் அத்துணை அரிதாயிருந்தமையால், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களின் ஆசைக்காகக் காட்டுச் செடிகளே பெயர்க்கப்பட்டன. கொலம்பியக் காடுகளில் செடிகளைப் பறிப்பதற்கென்றே மரங்களை வெட்டிச் சாய்த்தனர். கப்பலேறிய செடிகளுட் பல வழியிலேயே மடிந்தன.

1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கடற்பாசிக் கூழில், பூஞ்சணத்தின் துணையின்றியே விதைகளை முளைக்கச் செய்து காட்டினார். அதன் பயனாக, காட்டைச் சூறையாடாமலே கண்ணாடிக் குடுவைகளில் ஆர்க்கிட் நாற்றுகளைப் பெருக்க வழி பிறந்தது. 1975இல் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தம் ஒன்று, ஆர்க்கிட் குடும்பம் முழுவதன் பன்னாட்டு வாணிகத்தையும் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தியுள்ளது. ஆயினும், களவாகச் செடிகளைப் பெயர்ப்போர் இன்றும் இருக்கின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்ட பேரன், மலரொன்றைத் தொட நீட்டிய கையைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

மாணவச் செல்வங்களே! மலைக்காட்டில் ஆர்க்கிட் மலரைக் காண நேர்ந்தால், கண்ணாற் கண்டு மகிழுங்கள். இலட்சக்கணக்கான விதைகளுள் ஏதோ ஒன்று தன் பூஞ்சணத்தைச் சேர்ந்து, பல்லாண்டு வளர்ந்து பூத்த பூ அது. அதனைக் கிளையிலேயே விட்டு வாருங்கள்.