கண்ணிவெடிக்கு எதிராக ஆறு அமைப்புகள்

போர் முடிந்தாலும் கண்ணிவெடிக்கு அது தெரியாது. விறகு பொறுக்கப் போகிறவர் காலடியில் பல ஆண்டுகள் கழித்தும் வெடிக்கும்.

1992இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளின் ஆறு தன்னார்வ அமைப்புகள் கண்ணிவெடியைத் தடைசெய்யக் கோரி கைகோத்தன. ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸ். தலைமையகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஃபேக்ஸும் தொலைபேசியும்தான் ஆயுதம். கால் இழந்தவர்களே மாநாட்டு வாசல்களில் வந்து நின்றபோது தூதர்களால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.

ஐ.நா. பேச்சு இழுபறியானதும், 1996இல் கனடா வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி தடை ஒப்பந்தத்துக்குத் துணிந்து ஓராண்டுக் கெடு வைத்தார். 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு இயக்கத்துக்கும் ஜோடிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு.

அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா சேரவில்லை. இலங்கை 2017இல்தான் இணைந்தது. அதற்கு முன்பிருந்தே வெளிநாட்டு அமைப்புகளின் உதவியுடன் அந்நாட்டின் முகமாலை போன்ற இடங்களில் அங்குலம் அங்குலமாக வெடி அகற்றியவர்களில் கணிசமானோர் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள்.

ரஷ்யா மீதான அச்சத்தால் போலந்து, பின்லாந்து, பால்டிக் நாடுகள் 2025இல் ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. பிரசாரகர்களுக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது.