நகப்பூச்சு உலரும் விதம்

கண்டி நகருக்கு வடக்கே, மாத்தளைப் பகுதியிலுள்ள ஹபுவித என்னும் ஊர் அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்க் கைவினைஞர் நிறமூட்டிய அரக்கை அனலில் இளக்கி, நூல்போல் இழுத்து, மரத்தின்மீது பதித்து, கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக் கோலம் அமைப்பர். ஆதலால் நகவேலை எனப் பொருள்படும் பெயரே சிங்களத்தில் அதற்கு வழங்குகிறது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் மலைநாட்டு அரக்கு வேலையை விவரித்துள்ளார். அந்த அரக்குச் சூடு தணிந்தவுடன் இறுகிவிடும். நகத்தால் செய்யும் பூச்சு இவ்வாறு விரைவில் இறுக, நகத்தின்மேல் இடும் பூச்சு மட்டும் நெடுநேரம் ஈரமாயிருப்பது ஏன்?

காரணம் எளியது. அரக்கு குளிர்ந்து இறுகுவது. நகப்பூச்சோ ஆவியாகி உலர்வது. பெரும்பாலான நகப்பூச்சுகளில் நைத்திரோசெலுலோசு என்னும் பொருள், எளிதில் ஆவியாகும் திரவங்களிற் கரைந்திருக்கிறது. அத்திரவம் காற்றிற் கலந்தபின் எஞ்சும் மெல்லிய படலமே நகத்திற் பளபளக்கிறது. 1920களில் மோட்டார் வண்டிகளுக்குப் பூசப்பட்ட விரைவில் உலரும் வர்ணமும் இதே இனத்தைச் சேர்ந்ததே. மேற்பரப்பு முதலில் உலர்ந்து மூடிக்கொள்வதால், அடியிலுள்ள திரவம் வெளியேறத் தாமதமாகிறது. தொட்டால் ஒட்டாத பூச்சு, சிறிது நேரத்திற்குப் பின் போர்வையின் தடம் பதிந்து கெடுவது இதனாலேயாம்.

விரைவில் உலர்த்தும் பொருள்கள் என விற்கப்படுவன யாவும் ஒரே வேலையைச் செய்வனவல்ல. சொட்டுகளாக இடுவனவற்றில் பெரும்பாலும் இலேசான சிலிக்கோன் திரவமும் எண்ணெயும் உண்டு. அவை மேற்பரப்பை வழுவழுப்பாக்கி உராய்விலிருந்து காப்பன, அடிப்படலத்தை உலர்த்துவனவல்ல. மேற்பூச்சாக இடுவனவோ விரைந்து ஆவியாகும் திரவங்களைக் கொண்டவை. கீழ்ப்படலத்தோடு கலந்து இரண்டையும் சேர்த்து இறுக்குவன. எனினும் தடித்த பூச்சின்மேல் இட்டால், படலம் சுருங்கி நகத்தின் நுனி வெளித்தெரியக்கூடும். குளிர்ந்த நீரில் விரலை அமிழ்த்துவது மேற்பரப்பைச் சற்றே இறுக்குமன்றி, ஆவியாதலை விரைவுபடுத்தாது.

இவற்றின் பயனை அறிய விரும்பும் இல்லத்தரசி, இரு கைகளிலும் ஒரே பூச்சை ஒரே அளவில் இட்டு, ஒரு கைக்கு மட்டும் அப்பொருளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்திற்கொருமுறை வெவ்வேறு விரல் நகத்தை மெல்ல அழுத்தினால் வேறுபாடு தானே புலப்படும். வெயில் நாளொன்றிலும் மழை நாளொன்றிலும் இதனைச் செய்வது நன்று. ஏனெனில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திற் காற்று ஈரம் நிறைந்தது. பூச்சிலுள்ள திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து நகத்தைக் குளிர்விக்கிறது. மிக விரைவாக ஆவியானால், காற்றின் ஈரம் அதன்மேற் படிந்து, பளபளப்பு மங்கி வெண்மை தோன்றலாம். விரைவே எப்போதும் நன்மையன்று.

இதனினும் முக்கியமானதொன்றுண்டு. மழைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு பூச்சிடுவது தவறு. அத்திரவங்களின் ஆவி எளிதில் தீப்பற்றுவது. காற்றைவிடக் கனமானதாகையால் தாழ்ந்து பரவுவது. எனவே குத்துவிளக்கு, ஊதுபத்தி, அடுப்பு ஆகியவற்றின் அருகில் இவ்வேலை ஆகாது. பூச்சை நீக்கும் அசிற்றோனுக்கும் இவ்விதி பொருந்தும். புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் கடமையாகும்.

ஆக, தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள், அவற்றிற்கிடையே சில நிமிடப் பொறுமை, திறந்த சன்னல் வழியே வரும் காற்று என்னும் இம்மூன்றும் அமைந்தால், விலைகொடுத்து வாங்கும் பொருளின் தேவை பெரிதும் குறையும். சோற்றைக் கையாற் பிசைந்துண்ணும் நம் இல்லங்களில், உணவுவேளைக்கு நெடுநேரம் முன்பே பூச்சிட்டு முடிப்பது அழகுக்கும் நலம், உடலுக்கும் நலம்.